விசிறிப்பனையின் கீழ்

அதிகாலை நான்கு இருபது.
ஈசூனில் பேருந்துகள் இன்னும் புரண்டு படுக்கவில்லை.
விசிறிப்பனையின் கீழ்
வெள்ளைத் தாளை விரித்து
மூலைக்கொரு கல் வைக்கிறேன்.

மேலே
ஓலை நரம்பைக் கடித்து மடித்துக்
கூடாரம் போட்டிருக்கிறது
பழந்தின்னி வௌவால்களின் ஒரு குடும்பம்.
வாடகை இல்லை. வீவக வரிசையில் காத்திருப்பில்லை.

ஜுராய்டா முகக்கவசத்துக்குள் கொட்டாவி விடுகிறாள்.
அவளுக்கு நோன்பு மாதம்.
வேனில் இருக்கும் நாசி லெமாக் பொட்டலத்தை
பாங்கு கேட்பதற்குள் முடித்தாக வேண்டும்.
அதற்குமுன் கை கழுவி,
மறுபடி கை கழுவி.

கல்யாண வீடுகளில் கேட்பார்கள்,
என்ன வேலை பார்க்கிறாய் என்று.
ஆய்வகம் என்பேன். அதோடு நிறுத்திக்கொள்வேன்.
வௌவால் மூத்திரம் பொறுக்குகிறேன் என்றால்
பாயசக் கிண்ணம் பாதியில் நிற்கும்.

விழுகிறது முதல் துளி.
கடுகளவு. மஞ்சள்.
பஞ்சுக்குச்சியால் ஒற்றி
குப்பியில் இட்டு எண்ணெழுதி
பனிக்கட்டிக்குள் புதைக்கிறேன்.
உள்ளே என்ன இருக்கும்?
பெரும்பாலும் கொய்யா, அத்தி,
யாரோ பால்கனியில் மறந்த வாழைப்பழம்.
எப்போதாவது
நாம் இன்னும் பெயர் வைக்காத ஒன்று.

புகார் கொடுத்தவர் எட்டாம் மாடி திரு கோ.
நேற்று மாலை கதவைத் திறந்ததும்
சுவரைத்தான் காட்டினார்.
மென்று துப்பிய சக்கை,
பழுப்பாய் வழிந்து காய்ந்த கோடுகள்.
மரத்தை வெட்டு என்பார், தெரியும்.
மனப்பாடப் பதிலை நாக்கில் வைத்திருந்தேன்:
வீட்டைக் கலைத்தால் அடுத்த புளோக்குக்குப் போகும்,
பதறிய உடம்பு கிருமியை அதிகம் சிந்தும்,
ஆகவே ஐயா,

சந்தை மலாயில் அவர் கேட்டது வேறு.
"பன்றியையும் இப்படிச் சோதிக்கிறீர்களா?"

தொண்ணூற்றொன்பது, மார்ச்.
ஜூரோங்கின் அறுப்புக்கூடத்தில் கத்தி பிடித்தவர்.
பாலம் தாண்டி லாரியில் வந்தவை
குரைப்பதுபோல் இருமினவாம்.
"நாயை அனுப்பிவிட்டான் என்று சிரித்தோம்."
சில நாளில் இவருக்குத் தலை பிளந்தது.
மூன்று வாரம்
மனைவி யாரென்று தெரியவில்லை.
கூட வேலை பார்த்தவன் ஒருவன்
கையுறையைக் கழற்றி வைத்த இடத்திலேயே
கையுறை இருந்தது.

பிறகுதான் சொன்னார்களாம்:
அங்கே ஏதோ ஒரு பண்ணையில்
மாமரமும் பன்றிக்கொட்டிலும் ஒரே நிழலில்.
மேலே கடித்த பழம் கீழே விழுந்தது,
கீழே விழுந்ததைப் பன்றி தின்றது.
"மரத்தை அங்கே நட்டது யார்?" என்றார் திரு கோ.
"வௌவாலா?"

என் மனப்பாடம் எதற்கும் உதவவில்லை.

"சுவரை நானே கழுவுகிறேன்.
காய்ந்ததைச் சுரண்டக் கூடாது,
மருந்து தெளித்து ஊறவிட்டுத்தான், சரியா?"
சரி என்றேன்.
பால்கனிப் பழத்தட்டு
ஏற்கெனவே உள்ளே போயிருந்தது.

போன மாதத்துக் குப்பிகளின் முடிவு
நேற்றிரவு வந்தது.
கண்டறியப்படவில்லை.
அடுத்த வரி: கண்டறியப்படவில்லை.
நாற்பது வரிகளும் அப்படியே.
அது 'இல்லை' ஆகாது என்கிறாள் ஜுராய்டா,
பொட்டலத்தின் கடைசி நெத்திலியை மென்றபடி.
தேடிய இடத்தில், தேடிய நாளில், தேடியது இல்லை.
அவ்வளவுதான்.
இதற்கு யாரும் கேக் வெட்டுவதில்லை.
அடுத்த ஆண்டு பட்ஜெட்டில்
"ஒன்றும் வரவில்லையே, இன்னும் எதற்கு?" என்று
ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கேட்பார்.

வானம் சாம்பலாகிறது.
ஒவ்வொன்றாய் வந்து
கறுத்த கைக்குட்டைகளாய்த் தொங்குகின்றன.
எட்டாம் மாடியில் விளக்கு எரிகிறது.
சன்னலுக்குப் பின்னால் ஒரு தலை.

கைப்பேசி அதிர்கிறது.
நேற்று எண் கொடுத்ததை மறந்திருந்தேன்.

"இன்று பன்னிரண்டு.
ஒன்று குட்டியைச் சுமக்கிறது."

நான் அண்ணாந்து எண்ணுகிறேன்.
பதினொன்றுதான் வருகிறது.
மறுபடியும் எண்ணுகிறேன்.