நானூறு கிராம்

கத்ர் சேர் என்றால் நாலு அக்காதங்கை.
எங்கள் ஊருக்கு அதுதான் பெயர்.
அந்த நாலு பேர் யாரென்று யாருக்கும் தெரியாது.
கூட்டுறவுப் பதிவேட்டில் நாங்கள் பதினொரு பேர்.

போன ஆகஸ்டில் கடலை மூடினார்கள்.
கதவில்லை, பூட்டில்லை,
ஆகீ கடைச் சுவரில் ஒரு காகிதம்:
இரண்டு மாதம் யாரும் பேய்க்கணவாய் குத்தக் கூடாது.
அதே சுவரில், காகிதத்துக்குக் கீழே,
ஆணியில் தொங்கியது கடன் நோட்டு.
என் கணக்கு முப்பத்தேழாம் பக்கம்.

பதிலுக்குக் கூலி உண்டு என்றார்கள்:
கரையில் பிளாஸ்டிக் பொறுக்க,
சேற்றில் கண்டல் நாற்று ஊன்ற.
ஊன்றினோம்.
முதல் மாதக் கூலி இரண்டாம் மாதமும் வரவில்லை.
கோப்பு நகர்கிறது என்றார் ரம்தோஹுல் ஐயா.
நண்டும்தான் நகர்கிறது,
பக்கவாட்டில்.

தைப்பூசத்துக்குப் பத்து நாள் நோன்பிருப்பவள் நான்.
பசி எனக்குப் புதிதில்லை.
ஆனால்
தேதி குறித்த பசிக்குத்தான் விரதம் என்று பெயர்.

செப்டம்பர் அமாவாசை. நீர் வற்றிய நேரம்.
மகளின் பள்ளி ஷூ வாய் பிளந்து கிடந்தது.
இரும்புக் கம்பியைத் துணியில் சுற்றிக்கொண்டு
டார்ச்சைப் பல்லில் கடித்து
முழங்கால் நீரில் நடந்தேன்.
காவல்முறை அன்று ஜிஸ்லேனுக்கு.
கரையில் அவள் சிகரெட் முனை எனக்குத் தெரிந்தது.
என் டார்ச் அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

பாறைப் பொந்து.
வாசலில் கற்களை அவளே அடுக்கி வைத்திருந்தாள்.
உள்ளே கூரையிலிருந்து சரம் சரமாய் முட்டை,
ஊறவைத்த பச்சரிசியை நூலில் கோத்தது போல.
நடுவில் அவள், வெளிறிப்போய்,
ஒவ்வொரு சரத்தையும் ஊதி ஊதித் துடைத்துக்கொண்டு.
வெளிச்சம் பட்டும் நகரவில்லை.
மைகூடக் கக்கவில்லை.
ஒரு கையை மட்டும் நீட்டிக்
கம்பி நுனியைத் தள்ளினாள்,
வாசலில் நிற்கும் கடன்காரனை
நாளைக்கு வா என்பது போல.

குத்தினேன்.
இந்த வரியை வேறு மாதிரி எழுதலாம்.
எழுதினால் பொய்.

தராசில் நானூறு கிராம்.
அதே பொந்தில் இரண்டு கிலோ எடுத்திருக்கிறேன் முன்பு.
மீன் தரகனை இங்கே பனியான் என்போம்,
சட்டைக்குள் போடுவது அல்ல.
பனியான் நசீர் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"சாப்பிடாம கிடந்திருக்கு. வெறும் தோல்."
கையில் வைத்தது அறுபது ரூபாய்.
ஷூவுக்குக் காணாது. நாடாவுக்குக் காணும்.

முட்டையைக் காக்கிறவள் சாப்பிடுவதில்லை,
பொரித்ததும் செத்துப்போகிறாள் என்று
பிற்பாடு கூட்டத்தில் படம் போட்டுக் காட்டினார்கள்.
விளக்கணைத்த அறையில்
ஜிஸ்லேன் என் பக்கம் திரும்பவே இல்லை.
பத்துப் பேர் இருமினார்கள்.
விளக்கு வந்ததும் எழுந்து இரண்டு விஷயம் சொன்னேன்.
முதலில் கூலி, பிறகு பூட்டு.
ஓட்டலிலிருந்து கடலுக்குள் வரும் குழாயையும்
அந்த இரண்டு மாதம் மூட வேண்டும்.
முதலாவதை எழுதிக்கொண்டார்கள்.
இரண்டாவதற்குப் பேனா நின்றுவிட்டது.

இந்த வருஷம் பணம் மூடுவதற்கு முன்பே வந்தது,
பேசியதில் முக்கால் பங்கு.
கடன் நோட்டில் என் பக்கத்தில்
முதல் முறையாக ஒரு கோடு குறுக்கே விழுந்தது.
நாற்றுகளில் பாதியை அலை கொண்டுபோயிற்று,
பாதி இடுப்பளவு நிற்கிறது.
காவல் பட்டியலில் என் பெயரும் உண்டு:
புதன், வெள்ளி.

நேற்று வெள்ளி, அமாவாசை.
பாறைப் பக்கம் ஒரு டார்ச்.
பல்லில் கடித்த வெளிச்சம்
மூச்சு விடும்போதெல்லாம் அசையும். எனக்குத் தெரியும்.
கழுத்தில் விசில் இருந்தது.
ஊதவில்லை.
மடியில் இருநூறு ரூபாய், கூலியில் மிச்சம்.
நீரில் இறங்கிப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தேன்.
யாரென்று தெரியாததால் ஒவ்வொன்றாக,
ரொஸ்லின், வல்லியம்மே, சபூரா, ஜிஸ்லேன்,
பத்துப் பேரையும் கூப்பிட்டேன்.
வெளிச்சம் நின்றது, அணையவில்லை.
பதினொன்றாவதாக
என் பேரையும் கூப்பிட்டேன்.