அறிவித்தல் ஓட்டோ

சுகாதாரக் கந்தோரில் தந்த தாள் ஒன்று.
எட்டு வரி.
கூரையில் ஸ்பீக்கர், சீற்றுக்குக் கீழே லொறிப் பட்டறி.
நாளைக்கு மூவாயிரம், பெற்றோல் வேறு.

“பேலியகொடை மீன் சந்தைக்குப் போய் வந்தவர்கள்,
அவர்களோடு பழகியவர்கள்,
காய்ச்சல், தடிமன் உள்ளவர்கள், மணம் தெரியாதவர்கள்
நாளை காலை எட்டரைக்குப் பாடசாலை மண்டபத்துக்கு வரவும்.
அடையாள அட்டை அவசியம்.
பேனை உங்களுடையதாக இருக்கட்டும்.
ஒருவர் பேனையை மற்றவர் தொட வேண்டாம்.”

அக்கரைப்பற்றில் கடலை நோக்கிப் போகும் ஒழுங்கைகள்.
மாரி தொடங்கிய வாரம்.
எல்லாக் கேற்றும் பூட்டு.
ஒரு கேற்றுக்கு மேலால் தலை மட்டும் தெரிந்தது,
நளீபா.

“நில்லுங்க.
குச்சி போட்டு, இரிக்கி எண்டு வந்து,
கொண்டு போய் வெச்ச இடத்துல எங்கட வாப்பா மவுத்தானா
எரிப்பாங்களா, அடக்க விடுவாங்களா?
அத செல்லுங்க மைக்குல.”

தாளைத் திருப்பினேன்.
பின்பக்கத்தில் யாரோ போட்ட பெற்றோல் கணக்கு.
“எட்டரைக்கு,” என்றேன்.
மைக்கை மூட மறந்திருந்தேன்.
தெரு முழுக்கக் கேட்டது அந்த எட்டரை.

சாகாம வீதியால் கிறுகினால் ஆலையடிவேம்பு.
அங்கே கந்தோர் வேறு, பள்ளிக்கூடம் வேறு,
ஓட்டோவும் தொண்டையும் இதேதான்.
சைக்கிள் டியூப்பைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கியபடி
வேலாப்போடி தலை நிமிராமல் சொன்னார்:

“ஐசியோட பள்ளிக்கூடத்துக்கு வா எண்டு
தொண்ணூறிலயும் மைக்கிலதான் கூப்பிட்டவங்க.
என்ட தம்பி முகம் கழுவி, தோச்ச சாரம் உடுத்துப் போனவன்.
அவனிட்ட ஐசி இருந்தது.”

சட்டியில் ஒரு குமிழ் வந்தது.
ஓட்டையில் விரலை வைத்தார்.
நான் கியரை மாற்றினேன்.

என் சொந்தத் தெருவில் மட்டும்
இரண்டு நாளாகச் சத்தத்தைப் பாதியாக்குகிறேன்.
வளவுக்குள் தறப்பாள் போர்த்திய கூலர் லொறி.
புதன் இரவு வந்த மச்சான் றம்ளான்
உள்ளறையில் படுத்துக்கிடக்கிறான்.
இருமும்போது ரேடியோவைக் கூட்டுகிறான்.
“ஊருக்கெல்லாம் செல்லுறீங்க,” என்றாள் மனைவி.
மிச்சத்தை அவள் சொல்லவில்லை.

இன்று காலை கோப்பி மணக்கவில்லை.
மழைக் குளிர் என்று நினைத்தேன்.
பகல், கையில் பெற்றோல் சிந்தியது.
முகர்ந்து பார்த்தேன்.
மறுகாவும் முகர்ந்தேன்.
தண்ணீர்.

பின்னேரச் சுற்றில்
சத்தம் முழுதாக, என் தெருவிலிருந்து தொடங்கினேன்.
தாளை எடுக்கவில்லை.

“அறிவித்தல்காரன் மிஸ்பாஹ் பேசுறன்.
எரிக்கிறதப் பத்திக் கேட்டாங்க, எனக்குத் தெரியா.
கந்தோரிலயும் தெரியா.
தொண்ணூறப் பத்தியும் ஒராள் சொன்னார்,
அதுக்கும் எனக்கிட்ட மறுமொழி இல்ல.
எனக்குப் பெற்றோல் மணக்குதில்ல.
நாளைக்கு முதல் இலக்கம் எனக்கு.
வாறாக்கள் ஆறடி தள்ளி, என்ட பின்னால நில்லுங்க.”

தறப்பாள் அசைந்ததா, காற்றா, தெரியவில்லை.

எட்டரை.
மண்டப வாசலில் பதினொரு பேர்.
மச்சான் அதில் இல்லை, அல்லது இன்னும் இல்லை.
மேசையில் இருந்தவர் படிவத்தைத் தள்ளினார்.
“பேனை?”
சட்டைப் பையைத் தடவினேன்.
காற்சட்டைப் பையையும் தடவினேன்.

ஆறடி தள்ளி ஒரு குரல்:
“நேத்து முழுக்க மைக்குல கத்தினது ஆரு?”
இரண்டு நாளில் முதல்முறை ஊர் சிரித்தது,
மாஸ்க்குக்குள்.

நீல பேனை ஒன்று தரையில் உருண்டு
என் செருப்பில் முட்டி நின்றது.
“வெச்சுக்கோங்க, திருப்பித் தர வேணாம்.
எனக்கு வேற இரிக்கி,” என்றாள் நளீபா.
பக்கத்தில் கதிரையில் அவள் வாப்பா,
தொப்பியைச் சரிசெய்தபடி.

பெயர் எழுதினேன். முகவரி எழுதினேன்.
‘பழகியவர்கள்’ என்ற கட்டத்தில்
பேனை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு எழுதியது.

குச்சி ஏறியபோது கண் கலங்கியது.
எல்லாருக்கும் வரும் என்றாள் தாதி.

வெளியே வந்தபோது நளீபா கேட்டாள்,
மெதுவாக, மைக் இல்லாமல்:
“நான் கேட்டதுக்கு?”