ஏரி மூடும்வரை

திங்கள் மதியம் இரண்டு மணிக்கு
ரிட்ஜ் சாலைக்கு வடக்கே நல்ல வெயில்.
தெற்கே ஒன்றுமே இல்லை.
நடுவில் தரையிலிருந்து வானம்வரை ஒரு சுவர்,
சுண்ணாம்பு அடித்த கையோடு விட்டதுபோல்.
தபால்காரி யோலாண்டா வண்டியோடு அதற்குள் நுழைந்தாள்,
மிச்சமிருந்த நாலு வீட்டுக் கடிதங்களைப்
போட்டுவிட்டு வந்துவிடலாமென்று.
வண்டி எங்கள் தெருமுனையில் எங்கேயோ இருக்கிறது.
அவள் நோவாக் வீட்டு சோபாவில் தூங்குகிறாள்.

ஈரி ஏரி இன்னும் மூடவில்லை.
கோடையில் வாங்கிய சூட்டை
இப்போது தவணையில் அடைக்கிறது,
வட்டி எங்கள் தலையில்.
தென்மேற்குக் காற்று அதன்மேல் நடந்துவந்து
முகந்த நீரையெல்லாம்
லாக்கவானாவின் ஐந்து தெருக்களைத் தேடிக் கொட்டுகிறது.
எட்டு மைல் தள்ளி என் தங்கை
கார் கழுவிக்கொண்டிருக்கிறாளாம்.
போனில் சொன்னாள்.
வைத்துவிட்டேன்.

செவ்வாய்க் காலை முன்கதவைத் திறந்தேன்.
கதவுக்கு அப்பால் இன்னொரு கதவு:
கைப்பிடிக் குழி, சட்டம், கடிதத் துளை,
எல்லாம் வெள்ளையில், அச்சுப் பிசகாமல்.
ஆறு பீர் பாட்டில்களை அதில் செருகி வைத்தேன்.
வேறென்ன செய்ய.

பக்கத்து வீட்டு காஸிமிர் ப்ருஹ்னிக்கோடு
நான் பேசி ஏழு வருஷம்.
வரப்புத் தகராறுதான்,
ஏப்ரலில் கரைந்து ஓடிவிடும் வரப்பு.
அவன் பனி ஊதும் இயந்திரத்தின் வாய்
எப்போதும் என் பக்கம்.
அவன் ஹீட்டரின் புகைக்குழாயும் என் பக்கச் சுவரில்,
முழங்கால் உயரத்தில்.
பனி அதை மூடினாலும் சூட்டில் ஒரு துளை விழும்;
என் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால்
அதன் வழியே ஆவி வந்துகொண்டே இருக்கும்.
ராத்திரி எழுந்தால் அதைப் பார்த்துத் திட்டிவிட்டுப் படுப்பேன்.

புதன்கிழமை துளை இல்லை.
வழவழவென்று இருந்தது,
யாரோ கையால் நீவிவிட்ட மாதிரி.
அவன் அறையில் டிவியின் நீலம் அசைந்தது.
அந்தப் புகைக்கு நிறமில்லை, வாசனையில்லை,
தூக்கம் மாதிரி வரும் என்று
தீயணைப்புத் துறையின் அட்டை
என் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.
போன் அடித்தேன். எடுக்கவில்லை.
என் எண்ணைப் பார்த்தால் எடுப்பானா?

மண்வாரி கராஜில்.
கராஜ் எங்கே?
வான்கோழி வாட்டும் தட்டோடு
மாடி ஜன்னல் வழியே குதித்தேன்.
மார்பளவு.
பத்தடி தூரம், நாற்பது நிமிஷம்.
ஏழு வருஷத்து வசவுகளைத்
தட்டுத் தட்டாக அள்ளி அள்ளிப்
பின்னால் எறிந்தேன்.
அறுபத்திரண்டு வயது முழங்கை
ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னது.

கடைசியில் கையில் பிளாஸ்டிக் தட்டியது.
வாய்க்குள் ஒரு பனிக்கட்டி மூடி.
கட்டைவிரலால் நெம்பி எடுத்தேன்.
கொஞ்ச நேரம் எதுவும் இல்லை.
கொஞ்ச நேரம் என்பது எவ்வளவு என்று
எனக்குத் தெரியாது.
பிறகு சுவருக்குள் யாரோ செருமுவதுபோல் ஒரு சத்தம்,
என் முகத்தில் ஈரமாக, வெதுவெதுப்பாக ஒரு மூச்சு.
முகத்தை அங்கே வைக்கக் கூடாது.
வைத்திருந்தேன்.
இமையில் உறைந்தது உருகும்வரை.

மேலே ஜன்னல் திறந்தது.
காஸிமிர். பைஜாமா. தலைவலியில் சுருங்கிய கண்.
"என் குழாயை என்ன செய்கிறாய்?"
"திருடுகிறேன்."
யோசித்தான்.
"அந்த ஜன்னலைத் திறந்தே வை, முட்டாளே" என்றேன்.
திறந்தே வைத்தான்.

குளிர் இன்னும் ஏறட்டும் என்று
மெழுகுவர்த்தி ஏற்றும் ஊர் இது.
நீர் உறைந்தால்தான் பனி நிற்கும்.
பிப்ரவரியில் ஒருநாள் மூக்கு மயிர் விறைத்தது.
கரையிலிருந்து கண்ணுக்கெட்டியவரை
சாம்பல் நிறத்தில் ஏரி வாயை மூடியிருந்தது.
யோலாண்டா அந்த நாலு வீட்டுக் கடிதங்களைக் கொடுத்தாள்,
எனக்கு வந்தது மின்கட்டண பாக்கி.

அதற்கு முன்பு இன்னும் இரண்டு முறை கொட்டியது.
இயந்திரத்தின் வாய் மறுபடியும் என் பக்கம்தான்.
ஆனால் குழாயைச் சுற்றி ஒரு ஆள் நிற்குமளவு
வெட்டி வைத்திருந்தான்,
என் ஜன்னலுக்கு நேராக,
தெளிவாகத் தெரியும்படி.
அந்த வெட்டிய பனியையும்
என் முற்றத்தில்தான் போட்டிருந்தான்.