தேராவில் மதகு

பொங்கலோடு சேர்த்து மூன்று நாள் லீவு.
மனேஜர் கையெழுத்துப் போடும்போது பேனை எழுதவில்லை,
இரண்டு தரம் உதறினார்.
அந்த இரண்டு உதறலுக்குள்
வங்கிக் கவுன்ரரை விட்டு
முல்லைத்தீவுக் கடற்கரையில் போய் நின்றுவிட்டேன்.

ஆரபிக்கு ஒன்றே முக்கால் வயது.
பதினொரு சொற்கள் தெரியும்.
அதில் மூன்று, சாப்பாடு.
இரண்டு, வேண்டாம் என்பதன் இரண்டு வகை.
நாலு நாளாகச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன்,
"கடல் சொல்லுங்கோ, கடல்."
"கல்" என்றாள்.
சரி, கல்.

விடிய ஆறுக்கு யூட்டின் வான் வந்தது.
மாமா தொப்பியோடு முன் சீற்றில்.
பின்னால் துஷாந்தி மச்சாள், அவளின் இரண்டு பெடியள்,
ஒரு சட்டி இடியப்பம், போத்தலில் சொதி,
ஆளுக்கு ஒரு மாற்றுடுப்பு, ஆரபிக்கு ஏழு.
கேதீஸ் ஒரு கறுப்புக் குடையும் தூக்கி வந்தார்.
கடற்கரைக்கு எதற்கென்று ஒருவரும் கேட்கவில்லை.
அவருக்கும் லீவுதானே.

விசுவமடு தாண்டித் தேராவிலுக்குக் கிட்ட
வான் இரண்டு தரம் இருமியது.
மூன்றாந்தரம் இருமவில்லை.
யூட் பொனற்றைத் திறந்து பார்த்துத் தலையாட்டினான்,
செத்த வீட்டில் ஆட்டுகிற மாதிரி.
"பெல்ட் அறுந்திட்டுது அக்கா,
புதுக்குடியிருப்பில எடுக்கலாம்."
வந்த மோட்டார்சைக்கிளை மறித்து ஏறிப் போனான்.

இந்த வீதியை எனக்குத் தெரியும்.
பதினாலு வயதில்
எல்லாரும் ஒரு பக்கமாகவே போன வீதி.
அன்றைக்கும் இந்த இடத்தில் மதகு இருந்ததா,
கீழே தண்ணி ஓடியதா,
எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

ஆரபி தண்ணியைக் கண்டுவிட்டாள்.

மாரி விட்டுப்போன மிச்சம், கணுக்கால் அளவு.
இரு கரையும் குடலை தள்ளிய நெல்.
சப்பாத்தோடு இறங்கினாள்.
ஒரு சப்பாத்து மிதந்து போக
பெடியள் இரண்டு பேரும் அதைத் துரத்த,
துரத்தியவர்களைத் துஷாந்தி துரத்த,
மதகுக் கட்டில் இருந்து ஆரபி கை தட்டினாள்,
இதை ஒழுங்குபண்ணியதே தான் என்பதுபோல்.

பிறகு ஒரு கல்லை எடுத்துப் போட்டாள்.
"கல்!"
சொன்னது கல்லையா கடலையா,
கேட்க நான் யார்.

மாமா காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டியதை
கலியாணமாகி ஆறு வருடத்தில்
இன்றுதான் கண்டேன். வெள்ளைக் கால்கள்.
தொப்பியைக் கழற்றி மீன்குஞ்சு அள்ளினார்.
மூன்று குஞ்சு. ஆரபி எட்டிப் பார்த்து
தொப்பிக்குள் ஒரு பிடி இடியப்பம் போட்டாள்,
மீன்களுக்குக் காலைச் சாப்பாடு.
கேதீஸ் குடையை விரித்தார்.
ஆறு பேர் தலையில் பாதியும் தோளில் ஒன்றும்
அதற்குள் அடங்கின.
லாண்ட்மாஸ்டரில் விறகோடு போன ஒருவர் நிறுத்தி
"வானுக்கு என்ன?" என்றார்,
பிறகு தொப்பியைப் பார்த்து
"விரால் குஞ்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

யூட் பெல்ட்டோடு வந்தபோது பன்னிரண்டு மணி.
ஆரபி ஏற மறுத்தாள்.
வேண்டாம் முதல் வகை, வேண்டாம் இரண்டாம் வகை,
பிறகு புதிதாக ஒன்று,
தரையில் குப்புறப் படுத்துச் சொல்வது.
ஏழு உடுப்பும் முடிந்து
துஷாந்தியின் சால்வைக்குள் சுற்றி வைத்திருந்தோம் அவளை.
"கடல் எங்க போகப்போகுது" என்றார் மாமா.
யூட் வானைத் திருப்பினான்.

குஞ்சுகளைத் திரும்ப விட்டோம்.
ஈரத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டே வந்தார் மாமா,
வழியெல்லாம் மீன் மணம்.

வீட்டில் படுக்க வைக்கும்போது
அவளின் பொத்திய கையை விரித்துப் பார்த்தேன்.
கல்தான்.
எடுக்கப் போனேன், நித்திரையிலும் இறுக்கினாள்.

இன்னும் ஒரு நாள் லீவு இருக்கிறது.