மூக்கையூர், இரண்டே முக்கால் மணி நேரம்

எனக்குத் தெரிந்தது கண்மாய்தான்.
பதினோரு வருடமாய் இந்த மஞ்சள் வண்டியில்
கரைக்கு மண் ஏற்றியிருக்கிறேன்.
சீமைக்கருவேலை வேரோடு பிடுங்கியிருக்கிறேன்.
அபிராமம் பக்கம் கரையில் கைவைத்தவன்
ஊருக்குள் நடமாட முடியாது.
ராத்திரியில் வெட்டிய ஒருவனைப்
புளியமரத்தில் கட்டிவைத்து
விடிந்தபின்தான் போலீசுக்குச் சொன்னார்கள்.

இங்கே, கரையை உடைக்கத்தான் கூலி.
மணிக்கு ஆயிரத்து இருநூறு. டீசல் தனி.

கரை என்றால் யாரும் போட்ட கரை இல்லை.
சோழகக் காற்றில் கடலே கொண்டுவந்து
கொட்டியது என்றார் தொபியாஸ்.
எஸ்டிமேட் இல்லை, மட்டம் பார்த்த ஆள் இல்லை,
அப்படியும் அந்த மணல்மேட்டில்
என் கண்ணுக்கு ஒரு குறை அகப்படவில்லை.

நடந்து அளந்தேன். நாற்பது எட்டு.
இந்தப் பக்கம் கழி,
குண்டாறு கொண்டுவந்த ஐப்பசித் தண்ணீர்
ஆறிப்போன தேநீர் நிறத்தில்.
அந்தப் பக்கம் கடல்.
பாகம் பிரித்த பங்காளிகள்போல
இரண்டும் முகம் கொடுக்காமல்.

"வெட்டு" என்றார்கள் வள்ளக்காரர்கள்.
"பௌர்ணமி வரைக்கும் பொறு,
இறால் இன்னும் விரல்கனம் வரலை"
என்றார்கள் கழிக்குள் தடவிப் பிடிக்கிற பெண்கள்.
உப்பளத்து மேஸ்திரி வாயே திறக்கவில்லை,
தள்ளிப்போய்ப் போன் பேசிவிட்டு வந்து
என்னிடம் பீடிக்கு நெருப்புக் கேட்டான்.
சத்துணவுக் கூடத்தில் அரிசி மூட்டை நனைந்த சேதி
வந்த பிறகுதான்
யாரும் எதுவும் பேசவில்லை.

"ஊர்ப்பக்கம் நின்னு வெட்டு" என்றாள் ரெஜினாள்,
"மறந்து அக்கரையில் நின்னியோ
மணல் மூடுற வரைக்கும் அங்கனதான் குடித்தனம்."

கடல் முனையில் தொடங்கினேன்.
கடைசிக் கொத்தைக் கழியோரம் விட்டுவைத்தேன்.
அதையும் எடுத்தபோது
முதலில் கயிற்றுக் கனம்தான் வந்தது.
பிறகு வேட்டி அகலம்.
பிறகு என் பக்கெட்டுக்கு வேலையே இல்லை,
தண்ணீர் தானே வெட்டிக்கொண்டது,
இரண்டு ஓரமும் பாளம் பாளமாய்ச் சரிய.

பின்னால் கழி வற்ற வற்றச் சேறு நாறியது.
பெண்கள் முகத்துவாரத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை.
இடுப்பில் பறியோடு ஓடினார்கள்,
குழிகளில் தேங்கிய தண்ணீரில்
விரல்கனம் வராததையும் விடாமல்.

உடைந்த கண்மாய்க்கு ஒரே திசை.
போனது போனதுதான், அந்த வருடம் தரிசு.
அப்படித்தான் நினைத்து வண்டிமேல் உட்கார்ந்திருந்தேன்.

பொழுது சாயும்போது ஓட்டம் நின்றது.
ஒரு பீடி எரியும் நேரம்
தண்ணீர் எங்கும் போகவில்லை.
அப்புறம் திரும்பியது.
தேநீர் நிறத்துக்குள் பச்சையாய் ஒரு நாக்கு
நான் வெட்டிய வாசல் வழியே உள்ளே வர,
அதன் முதுகில் மடவைகள் துள்ளின.
இறங்கிப்போய்க் காலை வைத்துப் பார்த்தேன்.
மேலே சூடு, கீழே குளிர்.

"தையில மூடிக்கும்" என்றார் தொபியாஸ்.
"நம்பரைக் குடுத்துட்டுப் போ."

டிரிப் ஷீட்டில், வேலை விவரம் என்ற இடத்தில்
பழக்கத்தில் 'கரை பலப்படுத்த' என்று எழுதி
அடித்தேன்.
வேறொன்றும் தோன்றாமல்
கீழே கையெழுத்து மட்டும் போட்டேன்:
கோ. வழிவிட்டான்.

பக்கெட்டில் உப்புப் பூத்திருந்தது.
முதலாளி பார்த்தால் கத்துவார்.
கழுவ ரெண்டு குடம் நல்ல தண்ணீர் கேட்டேன்.
இரண்டு தண்ணீருக்கும் நடுவில் நின்று
ரெஜினாள் சிரித்தாள்.
"குடம் பத்து ரூவா."