இரண்டு மணிப் புரட்டல்

ஃபிரிட்ஜ் கதவில்
காந்தம் வைத்து ஒட்டிய தாள் அது.
பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு.
பக்கத்தில் கையெழுத்துக்கு ஒரு கட்டம்.
"நித்திரை கொண்டிடாதையும் செலஸ்டீனா,
அப்பாவுக்கு முதுகு புண்ணாப் போயிடும்."
சொல்லிக்கொண்டே குகநிதி அக்கா
மாதத்துக்கொன்றாய் அச்சடித்துத் தருவார்.

பரராசசிங்கம் ஐயாவுக்கு
இடப்பக்கம் அசையாது. பேச்சும் போய்விட்டது.
தோளுக்கடியில் ஒரு கை,
இடுப்புக்கடியில் ஒரு கை,
முழங்கால்களுக்கிடையில் தலையணை.
முடித்துவிட்டு 'செ' என்று எழுதுவேன்.
பிறகு படியிறங்கினால் பேஸ்மென்ட்.
ஃபர்னஸ் பக்கத்தில் என் மெத்தை.
அது இரைந்தால் நித்திரை இல்லை,
இரையாவிட்டால் குளிர்.

சம்பளச் சீட்டில் மட்டும்
நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம்.
கேட்டால்,
"நீர் எங்கட வீட்டுப் பிள்ளையெல்லோ."

வீட்டுப் பிள்ளையின் பாஸ்போர்ட்
அக்காவின் நகைப்பெட்டிக்குள்.
வீட்டுப் பிள்ளை பேரனின் பிறந்தநாளில் சாப்பிட்டது
இரவு பதினொன்றரைக்கு,
அறுபது பேரின் தட்டுக் கழுவி,
பன்னிரண்டு மணிப் புரட்டலுக்கு முன்.

தாள் நிறைந்தால் குப்பையில் போடச் சொல்வார்.
நான் போடவில்லை.
ஏனென்று இப்போதும் தெரியாது.
மன்னார் மீன்வாடியில் அப்பா
சிட்டைத் துண்டு ஒன்றையும் எறியமாட்டார்,
அதுவாக இருக்கலாம்.
மடித்து நாப்கின் பெட்டிக்குள் வைத்தேன்.
அந்த வீட்டில் வேறெவரும் திறக்காத
ஒரே பெட்டி.

மார்க்கத்தில் பனி கொட்டிய ஒரு காலை
பாஸ்போர்ட்டை விட்டுவிட்டேன்.
பெட்டியை எடுத்துக்கொண்டேன்.

விசாரணையில் அவர்களுடைய வழக்கறிஞர் கேட்டார்:
இரவில் வேலை செய்ததற்கு என்ன ஆதாரம்?

பதினான்கு தாள்கள்.
மஞ்சள் கறை, பால்மாக் கறை,
ஒன்றின் மூலையில் ஐயா துப்பிய சூப்.
இது என்ன எழுத்து என்றார் அதிகாரி.
என் பெயரின் முதலெழுத்து என்றேன்.
யார் அச்சடித்தது?
அக்கா தன் காப்புகளைச் சரிசெய்தார்.

அந்தக் கட்டங்களில் சில பொய்.
நான்கு மணிக்கு எழும்பாமல் கிடந்து
விடிந்தபின் எழுதிய 'செ'க்கள் உண்டு.
அதை ஒருவரும் கேட்கவில்லை.
ஐயாவின் முதுகுக்குத் தெரியும்.

இப்போது ஸ்காபரோவில் பகல் வேலை.
காசு தவணையில் வருகிறது,
சில மாதம் வருவதில்லை.
அறைக்கதவில் என் பக்கம் பூட்டு.

ஆனாலும் இரண்டு மணிக்குக் கண் திறக்கிறது.
இருட்டுக்குள் கைகள் தாமாக நீளுகின்றன,
ஒன்று தோளைத் தேடி,
ஒன்று இடுப்பை.

அங்கே இப்போது யார் புரட்டுகிறார்கள்,
எந்த எழுத்தை எழுதுகிறார்கள்?

மறுபக்கம் புரண்டு படுக்கிறேன்.
கட்டம் இல்லை. கையெழுத்தும் இல்லை.