உதறல்

சார்னியா மருத்துவமனை, மூன்றாம் மாடி.
ஊதுங்கள் வெர்னா, இன்னும், இன்னும், என்கிறேன்.
கோடு பாதியிலேயே படுத்துவிடுகிறது.

படிவம் கேட்கிறது: என்ன வேலை?
'வேலைக்கே போனதில்லை.'
ஆஸ்பெஸ்டாஸ் தொட்டதுண்டா?
சிரிக்கப் போய் இருமுகிறார்.

லாயிட்தான் ஆலையில் குழாய்களுக்குப் போர்த்தியவர்.
வெள்ளிதோறும் அந்த நீலச் சட்டையைப்
பின்வாசலில் நன்றாக உதறிவிட்டுத்தான்
மெஷினில் போடுவாராம்.
வெயிலில் மினுங்குமாம்.
'நாற்பத்திரண்டு வருஷம் இருக்குமா?'

வெளியே லாயிட்
பெப்பர்மின்ட் உறையைப் பிரித்துப் பிரித்து மடிக்கிறார்.
அவர் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை.
அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

படிவத்தில் இதற்குக் கட்டமில்லை.
ஓரத்தில் எழுதினேன்: துணி துவைத்தார்.

கிளம்பும்போது வெர்னா
மருத்துவமனை அங்கியைக் கழற்றி,
மடிக்குமுன்
பழக்கத்தில் ஒருமுறை உதறினார்.

நான்
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.